கண்ணாடிக் கெண்டையின் காணாமல்போன செதில்கள்

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் அறிந்த மீன்களில் ஒன்று கண்ணாடிக் கெண்டை. வாயோரத்தில் சிறு மீசை, தடித்த உதடு, முதுகில் நீண்டு போகும் துடுப்பு என்று எல்லாவற்றிலும் அது சாதாக் கெண்டையைப் போலவே இருக்கும். உடலைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சாதாக் கெண்டையின் உடல் முழுவதையும் ஒரே அளவுள்ள செதில்கள் வரிசை பிசகாமல் மூடியிருக்கும். கண்ணாடிக் கெண்டைக்கோ முதுகோரத்திலும் துடுப்புகளின் அடியிலும் மட்டும் சில பெரிய செதில்கள் ஒழுங்கில்லாமல் பளபளக்கும். மற்ற இடமெல்லாம் வழுவழுப்பான வெறும் தோல். ஒரே தண்ணீர், ஒரே இரை, ஒரே இனம். பிறகு ஒன்றுக்கு மட்டும் செதில் எங்கே போயிற்று?

சிறிய கேள்விதான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், முட்டைக்குள் ஒரு மீன் உருவாகத் தொடங்கும் முதல் சில மணி நேரத்துக்குப் போய்ச் சேர்வோம். கண்ணாடிக் கெண்டையில் பழுதாகிக் கிடப்பதைச் செதிலுக்கென்றே இருக்கும் மரபணு என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் தவறு என்பதை இந்த அத்தியாயத்தில் நிறுவ முயல்கிறேன். மீன் கருவின் நடுவுடலையும் வாலையும் எழுப்பும் வேலையில் பங்குள்ள மரபணு அது. திசுக்களை உருவாக்கும் சமிக்ஞைகள் எண்ணிக்கையில் குறைவு. உயிர் அவற்றையே வெவ்வேறு வயதில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வேலைக்குத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறது. இது உண்மையானால் உடனே ஒரு முரண் எழும். கருவுக்கே அடிப்படையான மரபணு பழுதானால் மீன் பிறந்திருக்கவே கூடாது. பிறந்து, வளர்ந்து, தூண்டிலில் சிக்கும் அளவுக்குப் பெருத்தது எப்படி?

மலைக்கு வந்த மீன்

கொடைக்கானல் ஏரி மனிதர் உருவாக்கியது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பி அதை அமைத்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் குளிர்ந்த நீரில், சமவெளிக் குளங்களின் கட்லாவும் ரோகுவும் செழிப்பதில்லை. அதனால் மலை ஏரிகளுக்கு வெளிநாட்டுக் கெண்டை தேடப்பட்டது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் குளங்களில் வளர்க்கப்பட்டு வந்த கெண்டையின் ஜெர்மானிய வகை, இலங்கை வழியாக 1939-இல் நீலகிரிக்கு வந்தது; பின்னர் மற்ற மலை நீர்நிலைகளுக்கும் பரவியது. முழுச் செதில் கொண்டது, கண்ணாடிக் கெண்டை, செதிலே ஏறக்குறைய இல்லாத தோல் கெண்டை ஆகிய மூன்றும் ஒரே இனத்தின் வடிவங்கள்தான். செதில் குறைந்த மீனைச் சமையலுக்குச் சுத்தம் செய்வது எளிது. அதனாலேயே ஐரோப்பியக் குளங்களில் அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். சேற்றைக் கிளறி இரை தேடும் இந்தக் கெண்டை மலை நீர்நிலைகளின் சொந்த மீன்களுக்கு நல்லதல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். இருந்தாலும் கருவியலுக்கு அது கொண்டுவந்த செய்தி பெரிது.

நோயா, குளிரா, பரம்பரையா?

செதில் இல்லாத மீனைக் கண்டால் முதலில் எழும் ஐயம் நோய். செதிலை உதிரச் செய்யும் நோய்கள் மீன்களுக்கு உண்டு. காயத்தாலும் செதில் போகும். ஆனால் அப்படிப் போன செதில் அது இருந்த இடத்திலேயே மறுபடி முளைக்கும். கண்ணாடிக் கெண்டையின் வெறுந்தோல் அப்படி மூடிக்கொள்வதில்லை. அது இழந்த செதில் இல்லை, தொடக்கத்திலேயே அரும்பாத செதில். இரண்டாவது ஐயம் குளிர். மலை நீரின் குளிர் தோலை மாற்றிவிட்டதோ என்று கேட்கலாம். அதே குளிரில் முழுச் செதில் கெண்டையும் வாழ்கிறதே என்பதே இதற்குப் போதுமான பதில். இரண்டையும் ஒரே குளத்தில் வளர்த்தாலும் அவை தத்தம் வடிவத்திலேயே வளர்கின்றன.

மிஞ்சுவது பரம்பரை. இதைச் சோதிக்கும் வழி இனக்கலப்பு. கண்ணாடிக் கெண்டையோடு கண்ணாடிக் கெண்டையைச் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் கண்ணாடிக் கெண்டைகளாகவே வருகின்றன. தூய முழுச் செதில் கெண்டையோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் முழுச் செதில். அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கண்ணாடிக் கெண்டை மறுபடி தலைகாட்டுகிறது. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே விகிதம். 1930-களில் சோவியத் நாட்டில் வாலன்டின் கிர்பிச்னிகோவ் போன்ற மரபியலாளர்கள் இந்தக் கலப்புகளைப் பொறுமையாகச் செய்து, கெண்டையின் செதில் அமைப்பை இரண்டு மரபணுக்கள் முடிவு செய்கின்றன என்று கண்டார்கள். முதல் மரபணுவின் இரு பிரதிகளும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) பழுதானால் கண்ணாடிக் கெண்டை. அதோடு இரண்டாம் மரபணுவின் மாறிய வடிவம் ஒன்றும் சேர்ந்தால் தோல் கெண்டை.

அவர்கள் கண்டவற்றில் மிக முக்கியமானது இரண்டாம் மரபணுவைப் பற்றியது. இரண்டு தோல் கெண்டைகளைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிடமும் இரண்டாம் மரபணுவின் மாறிய வடிவம் ஒன்றும் இயல்பான வடிவம் ஒன்றும் இருக்கின்றன. நூறு முட்டைகள் கருவுற்றால், ஏறத்தாழ 25 கருக்கள் இரு பெற்றோரிடமிருந்தும் இயல்பான வடிவத்தைப் பெறும். அவை கண்ணாடிக் கெண்டையாகும். 50 கருக்களுக்கு இயல்பானது ஒன்றும் மாறியது ஒன்றும் கிடைக்கும். அவை தோல் கெண்டை. மீதமுள்ள 25 கருக்களுக்கு இரு பக்கத்திலிருந்தும் மாறிய வடிவமே வரும். அந்த 25-லிருந்து தோல் கெண்டையும் வருவதில்லை, வேறெந்தக் கெண்டையும் வருவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் கட்டத்தை ஒட்டி அவை இறந்துவிடுகின்றன. வளர்க்கக் கிடைப்பவை 75 குஞ்சுகளே. அவற்றில் தோல் கெண்டைக்கும் கண்ணாடிக் கெண்டைக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு ஒன்று.

இந்த இறப்பு என்ன சொல்கிறது? குஞ்சு பொரிக்கும் நேரத்தில் கெண்டைக்குச் செதில் கிடையாது. அது அரும்ப இன்னும் வாரங்கள் ஆகும். செதிலை மட்டும் உருவாக்கும் மரபணுவாக இருந்தால், செதில் வரும் வயதுக்கு முன்பே கருவைக் கொல்ல அதற்கு வழியில்லை. ஆகவே, வளர்ந்த மீனின் தோலில் நாம் பார்க்கும் ஒரு மாற்றத்துக்குப் பின்னால் கருவின் மிக ஆரம்ப நாள்களில் வேலை செய்யும் ஒரு மரபணு இருக்க முடியும். முதல் மரபணுவும் அப்படிப்பட்டதுதானா என்று தெரிய வேறொரு மீன் தேவைப்பட்டது.

முதல் ஒரு நாள்

அந்த மீன் வரிக்குதிரை மீன். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் விரல் நீளச் சிறுமீன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்கள் பற்றிய தம் நூலில் அதை விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நீலமும் பொன்னும் கலந்த கோடுகளோடு துள்ளும் டெவாரியோ மீன்கள் அதன் நெருங்கிய உறவினர். கெண்டையோ தூரத்து உறவினர். அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் முட்டைக்குள் வளர்கிறது. நுண்நோக்கியின் கீழ் வைத்தால் ஒவ்வொரு செல்லையும் உயிரோடு பார்க்கலாம். 1970-களில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்ததற்கு இது ஒரு காரணம்.

அந்த முதல் நாளை மணிக்கணக்கில் பார்ப்போம். நீர் 28.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருந்தால், கருவுற்று முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிறது. அதன் பிறகு கால் மணிக்கொரு முறை எல்லாச் செல்களும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் செல்கள் பெரிய மஞ்சட்கருவின் உச்சியில் ஒரு குவியலாக உட்கார்ந்திருக்கும். இதுவரை நடந்ததெல்லாம் தாய் முட்டைக்குள் வைத்துவிட்ட பொருள்களைக் கொண்டே நடந்தது. கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் வேலை தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். நான்கு மணி நேரம் கடந்ததும் குவியல் பரவி மஞ்சட்கருவின் மேல் கீழ்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. பாதி தூரம் இறங்கியதும் ஓரத்தில் இருக்கும் செல்கள் உட்பக்கமாக மடங்கிப் புகுகின்றன. அதுவரை ஒரே குவியலாக இருந்தது இப்போது அடுக்குகளாகப் பிரிகிறது. வெளியே தோலும் நரம்பும் ஆகப்போகும் புற அடுக்கு. நடுவில் தசை, எலும்பு, இரத்தம் ஆகப்போகும் நடு அடுக்கு. உள்ளே குடலும் ஈரலும் ஆகப்போகும் உள் அடுக்கு. ஆறாவது மணியில் ஒரு பக்கத்து ஓரம் சற்றுத் தடிக்கும். கேடயம் என்று கருவியலாளர் பெயரிட்ட அந்த இடம்தான் மீனின் முதுகுப்பக்கம் எது என்பதைக் காட்டுகிறது. பத்தாவது மணி முதல் முதுகின் இருபுறமும் தசைக் கட்டிகள் அரை மணிக்கு ஒரு ஜோடி வீதம் உருவாகின்றன. ஒரு நாள் முடிவதற்குள் கண், வால், துடிக்கும் இதயம் எல்லாம் இருக்கும். கெண்டையும் இதே வரிசையில்தான் உருவாகிறது. ஆனால் 20 டிகிரி நீரில் அதன் முட்டை பொரிக்க மூன்று நாள் ஆகும். குளிர்ந்த நீர் வேகத்தைக் குறைக்கும், வரிசையை மாற்றாது.

நான்காவது மணியில் எல்லாச் செல்களிடமும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. அப்படியிருக்க, ஆறாவது மணியில் ஒரு செல் தசையாகவும் பக்கத்துச் செல் தோலாகவும் போகும் பாதையை எப்படிப் பிடிக்கின்றன?

தூரத்தை அளக்கும் சமிக்ஞை

1924-இல் ஜெர்மனியில் ஹில்டே மாங்கோல்டும் ஹான்ஸ் ஸ்பீமனும் வெளியிட்ட சோதனை இதற்கான முதல் விடை. நீரோந்தியின் கருவில், மீனின் கேடயத்துக்கு நிகரான சிறு பகுதியை வெட்டி எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப்பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது முதுகும் இரண்டாவது நரம்புத் தண்டும் உருவாயின. ஒட்டப்பட்ட துண்டே அப்படி வளர்ந்துவிட்டது என்று சொல்லலாம் அல்லவா? அந்த மறுப்பை அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். அதனால்தான் வேறு நிறமுள்ள இரண்டு இனங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புதிய நரம்புத் தண்டில் இருந்த செல்கள் பெரும்பாலும் கருவுக்குச் சொந்தமானவை. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய செல்கள், அண்டை வீட்டிலிருந்து வந்த ஏதோ ஒரு கட்டளையால் நரம்பாக மாறியிருந்தன. கேடயத்தை இடம் மாற்றினால் மீன் கருவிலும் இதுவே நடக்கிறது.

அந்தக் கட்டளை ஒரு வேதிப்பொருள் என்பது பிறகு தெரிந்தது. ஒரு கூட்டம் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடுகின்றன. அது சுற்றுப்புறத்தில் பரவுகிறது. கொடைக்கானல் பக்கம் யூக்கலிப்டஸ் தைலம் காய்ச்சும் அடுப்பருகே நெடி மூக்கைத் துளைக்கும், விலக விலக அது மங்கும். கண்ணை மூடிக்கொண்டும் அடுப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கருவின் செல்லும் இப்படித்தான் தன் இடத்தை அறிகிறது. சுரக்கும் இடத்தில் செறிவு மிகுதி, தூரத்தில் குறைவு. இந்தச் செறிவுச் சரிவில் தான் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது எந்த மரபணுவைத் திறக்கும் என்பது முடிவாகிறது. செறிவை உணர ஒரு கருவி வேண்டும். செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதம் அது. சமிக்ஞைப் புரதம் வெளியிலிருந்து வந்து ஏற்பியில் பொருந்தியதும், செல்லுக்குள் ஒன்றையொன்று தூண்டும் வேதி மாற்றங்கள் தொடங்கி உட்கருவரை போய்ச் சேர்கின்றன. அங்கே குறிப்பிட்ட மரபணுக்கள் திறக்கின்றன.

வரிக்குதிரை மீனின் முதல் அடுக்குப் பிரிவில் இரண்டு சமிக்ஞைகள் முன்னிலை வகிக்கின்றன. முதலாவது நோடல். குவியலின் ஓரத்தில், மஞ்சட்கருவைத் தொடும் இடத்தில் அது சுரக்கிறது. மிகுதியாகப் பெற்ற செல்கள் உள் அடுக்காகின்றன, சற்றுக் குறைவாகப் பெற்றவை நடு அடுக்கு, ஏறக்குறைய பெறாதவை புற அடுக்கு. இந்தக் கட்டத்தில் நோடலைச் செய்யும் மரபணுக்கள் இரண்டையும் ஒருசேர இழந்த கருக்களில் உள் அடுக்கும், நடு அடுக்கில் பெரும்பகுதியும் உருவாவதில்லை என்று 1998-இல் காட்டப்பட்டது. இரண்டாவது சமிக்ஞை எஃப்.ஜி.எஃப். என்ற புரதக் குடும்பம். நோடல் தூண்டிவிட, ஓரத்துச் செல்கள் எஃப்.ஜி.எஃப். புரதங்களைச் சுரந்து செய்தியை மேலும் சில செல் தூரத்துக்குக் கொண்டுபோகின்றன. இப்படியொரு சரிவு நிஜமாகவே இருக்கிறதா, வெறும் கற்பனை மாதிரியா என்று நெடுங்காலம் விவாதம் இருந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2009-இல் உயிருள்ள வரிக்குதிரை மீன் கருவில் எஃப்.ஜி.எஃப். மூலக்கூறுகளின் நடமாட்டத்தை நேரடியாக அளந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் தடையில்லாமல் பரவுகின்றன. வழியிலிருக்கும் செல்கள் அவற்றை விழுங்கிக்கொண்டே இருக்கின்றன. பரவலும் விழுங்கலும் சேர்ந்துதான் சரிவை நிலைநிறுத்துகின்றன.

தலை உண்டு, உடல் இல்லை

எஃப்.ஜி.எஃப். ஏற்பி வேலை செய்யாவிட்டால் கரு என்னவாகும்? 1991-இல் தவளைக் கருவிலும், 1995-இல் வரிக்குதிரை மீன் கருவிலும் இதைச் சோதித்தார்கள். ஏற்பியின் குறைபட்ட வடிவம் ஒன்றைச் செய்யும் மூலப்பொருளை முட்டைக்குள் செலுத்தினார்கள். குறைபட்ட ஏற்பி நல்ல ஏற்பியோடு ஜோடி சேர்ந்து அதையும் முடக்கிவிடும். வெளிவந்த கருக்களுக்குத் தலை பெரும்பாலும் சரியாக இருந்தது. நடுவுடலும் வாலும் இல்லை. நோடல் இருந்தும் நடு அடுக்கின் பின்பகுதி உருவாகவில்லை. ஆகவே எஃப்.ஜி.எஃப். வெறும் உதவியாள் இல்லை, தவிர்க்க முடியாத பங்காளி. சுண்டெலியில் இன்னும் கடுமையான விளைவு. 1994-இல் எஃப்.ஜி.எஃப்.-இன் முதலாம் ஏற்பிக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கருக்கள், அடுக்குகள் பிரியும் அந்தக் கட்டத்தைத் தாண்டாமலே இறந்தன.

இந்த மரபணுதான் கண்ணாடிக் கெண்டையில் பழுதாகியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த வழி நேரானது அல்ல. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் தலைமையில், மரபணுக்களில் தற்செயலான மாற்றங்களைத் தூண்டி வரிக்குதிரை மீன்களை வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான ஆய்வுகள் கருவிலேயே தெரியும் குறைகளைத் தேடின. வளர்ந்த மீன்களையும் பார்த்தபோது, பெரிய செதில்கள் சில மட்டும் கொண்ட ஒரு மீன் கிடைத்தது. கண்ணாடிக் கெண்டையின் சிறு வடிவம் போலவே இருந்ததால், ஜெர்மன் மொழியில் கண்ணாடிக்குரிய சொல்லைச் சேர்த்து அதற்கு ஸ்பீகல்டேனியோ என்று பெயர் வைத்தார்கள். பழுதான மரபணுவைத் தேடிப் போனால், அது எஃப்.ஜி.எஃப். முதலாம் ஏற்பி. பிறகு கண்ணாடிக் கெண்டையின் அதே மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். அங்கும் பழுது. கெண்டைகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வகைப் பழுதுகள் அந்த ஒரே மரபணுவில் கிடைத்தன. நிக்கோலஸ் ரோனரும் குழுவினரும் 2009-இல் இதை வெளியிட்டார்கள். குளத்து மனிதர்கள் செதில் குறைந்த மீனைத் தேடித் தேர்ந்தெடுத்தபோது, தாங்கள் அறியாமலே அந்த மரபணுவின் பழுதுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பழுதான பின்னும் உயிர்

சுண்டெலியில் கருவைக் கொல்லும் இழப்பு மீனில் செதிலை மட்டும் குறைப்பதேன்? அந்த மரபணு மீன் கருவுக்கு முக்கியமில்லாதது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் 1995 சோதனை அதை மறுக்கிறது; ஏற்பியை முடக்கினால் மீனுக்கும் உடல் உருவாவதில்லை. விடை மீன்களின் பழைய வரலாற்றில் இருக்கிறது. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுப்பு முழுவதும் இரட்டித்தது. ஒவ்வொரு மரபணுவுக்கும் இன்னொரு பிரதி கிடைத்தது. காலப்போக்கில் பெரும்பாலான கூடுதல் பிரதிகள் சிதைந்து மறைந்தன, சில நிலைத்தன. வரிக்குதிரை மீனில் முதலாம் ஏற்பிக்கு அப்படி இரண்டு மரபணுக்கள் உள்ளன. கருவின் முதல் நாளில் இரண்டும் வேலை செய்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது அடுக்குகளைப் பிரித்து, வாலை நீட்டி, குஞ்சைப் பொரிக்கவைத்துவிடும். வாரங்கள் கழித்துத் தோலில் செதில் அரும்பும்போது மட்டும் இரண்டாவது பிரதியால் அந்த இடத்தை நிரப்ப முடிவதில்லை. பழுது அங்கேதான் வெளியே தெரிகிறது.

கெண்டைக்கு இதில் இன்னொரு படி உண்டு. அதன் வம்சத்தில், ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் மரபணுத் தொகுப்பு மறுபடியும் இரட்டித்தது. வரிக்குதிரை மீனின் செல்லில் 50 குரோமோசோம்கள், கெண்டையில் 100. இந்த இரண்டாம் இரட்டிப்பின் தடயம் அது. இரட்டிப்பு இயற்கைக்குச் சோதனை செய்யும் சுதந்திரம் தருகிறது என்று மரபியலாளர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தக் கருத்துக்கு இவ்வளவு கைக்கெட்டும் சான்று வேறு அதிகம் இல்லை. ஒரு பிரதி கருவைக் காப்பதால்தான் இன்னொரு பிரதியின் பழுதை மனிதர் தேர்ந்தெடுத்து ஒரு வளர்ப்பு வகையாகவே ஆக்க முடிந்தது.

மனிதரில் இந்த ஏற்பிக்கு அப்படி ஓர் உபரி மரபணு இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் பிரதிகளில் ஒன்று பழுதானாலே, வாசனை உணராமையும் பருவமடையாமையும் சேர்ந்து வரும் கால்மன் நோய்க்குறி சிலருக்கு உண்டாகிறது என்று 2003-இல் காட்டினார்கள். மூளையில் ஹார்மோன் சுரக்கும் சில நரம்புச் செல்கள் கருக்காலத்தில் மூக்குப்பகுதியிலிருந்து புறப்பட்டு உள்ளே போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு இந்தச் சமிக்ஞை தேவை. மீனில் வாலும் செதிலும், மனிதரில் மூக்கும் பருவமும். ஒரே ஏற்பிக்கு இத்தனை வேலை இருக்கும்போது அதை எந்த ஓர் உறுப்பின் பெயரால் அழைப்பது?

இது எஃப்.ஜி.எஃப்.-க்கு மட்டும் உரிய விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாது. வரிக்குதிரை மீனில் செதிலை நீக்கும் இன்னொரு பழுது, எடா என்ற சமிக்ஞையின் மரபணுவில் இருக்கிறது. அதே மரபணு பழுதான மனிதருக்கு வியர்வைச் சுரப்பியும் பல்லும் முடியும் குறைகின்றன. சிந்துப் பகுதியின் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்குப் பல்லும் முடியும் குறைந்திருந்ததை டார்வின் பதிவு செய்திருக்கிறார். இன்று அது இந்த மரபணுவின் குறையாகவே கொள்ளப்படுகிறது. முடி, பல், செதில் ஆகிய மூன்றும் புற அடுக்கும் அதன் அடியிலுள்ள திசுவும் ஒன்றோடொன்று சமிக்ஞை பரிமாறி எழுப்புபவை. கருவில் அடுக்குகளைப் பிரித்த அதே உரையாடல் தோலில் சிறிய அளவில் மறுபடி நடக்கிறது.

திரும்பி வந்த செதில்

இந்த வாதத்துக்கு எதிராக நிற்கக்கூடிய வலுவான சான்று மடகாஸ்கரிலிருந்து வந்தது. 1912-இல் கண்ணாடிக் கெண்டைகள் அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன. சில ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் தப்பிப்போயின. இன்று அங்கே இயற்கை நீர்நிலைகளில் கிடைக்கும் கெண்டைகள் பெரும்பாலும் செதிலால் மூடப்பட்டவை. முழுச் செதில் மீன்கள் எப்போதோ கலந்திருக்க வேண்டும் என்பதே இயல்பான ஊகம். 2016-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவற்றின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அந்த ஊகம் உடைந்தது. அத்தனை மீன்களிலும், கண்ணாடிக் கெண்டையில் பழுதாகும் அந்த முதலாம் ஏற்பி மரபணுவின் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள் இரண்டும் பழுதாகவே இருந்தன. பழுது அப்படியே இருக்கச் செதில் திரும்பியிருந்தது.

அப்படியானால் செதிலுக்கு அந்த ஏற்பி தேவையே இல்லையா? அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். பழுதான கெண்டைகளுக்குள்ளேயே ஒன்றுக்கு இருபது செதில், இன்னொன்றுக்கு அதைவிடப் பல மடங்கு என்று வேறுபாடு எப்போதும் இருந்து வந்தது. அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது, அதுவும் ஒரு மரபணுவால் இல்லாமல் பல மரபணுக்களின் சிறு சிறு பங்களிப்பால் வருவது என்று அதே ஆய்வு அளந்தது. குளத்தில் மனிதர் பாதுகாப்பில் இருந்தவரை அந்தச் சிறு வேறுபாடுகளுக்கு மதிப்பில்லை. ஒட்டுண்ணிகளும் இரைகொல்லிகளும் உள்ள ஆற்றில், சற்றே அதிகச் செதிலுள்ள மீன் சற்றே அதிகக் காலம் பிழைத்து அதிகக் குஞ்சுகளை விட்டுச் சென்றிருக்கும். நாற்பது தலைமுறைக்குள் அந்தச் சிறு பங்களிப்புகள் ஒன்றுசேர்ந்து, முடங்கிய ஏற்பியைச் சுற்றிச் செதிலுக்கு வேறு வழி அமைத்துவிட்டன. எந்தெந்த மரபணுக்கள் இதில் பங்கேற்றன, அவை தோலில் எஃப்.ஜி.எஃப். செய்தியையே வேறு ஏற்பிகள் வழியாகப் பெருக்குகின்றனவா, எடா போன்ற வேறு சமிக்ஞைகளை உயர்த்துகின்றனவா என்பதை, பழுது பொதுவாகவும் செதில் வேறாகவும் உள்ள இந்த இரு கூட்டங்களின் குஞ்சுகளை, செதில் அரும்பும் வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தேட வேண்டும்.